1.4 என்ற எண்ணை எப்படி வாசிப்பது? ஹெர்பீஸ் குருதிப் பரிசோதனை பற்றி ஒரு தம்பிக்கு எழுதிய பதில்

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் வேறு யாரும் வாசித்தால் அவர்களுக்கும் விளங்க வேண்டும். நீங்கள் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, கொழும்பில் கடையொன்றில் வேலை பார்ப்பவர். ஆவணி மாதத்தில் ஒரு நாள், அதிகம் பழக்கமில்லாத ஒருவருடன் உறவு ஏற்பட்டது; ஆணுறை தொடக்கத்தில் இருந்தது, முடிவில் இருக்கவில்லை. பயத்தில் ஒன்பதாம் நாளே தனியார் ஆய்வுகூடமொன்றுக்குப் போய் ஹெர்பீஸ் என்ற கொப்புள வைரசுக்கு ஐ.ஜி.எம். என்ற குருதிப் பரிசோதனை செய்தீர்கள், 'பொசிட்டிவ்' என்று வந்தது. இருபத்து மூன்றாம் நாள் ஐ.ஜி.ஜி. என்ற இன்னொரு குருதிப் பரிசோதனை செய்ததில், பெரும்பாலும் உதட்டில் கொப்புளம் போடும் முதலாம் வகைக்கு 28, பெரும்பாலும் பிறப்புறுப்பில் வரும் இரண்டாம் வகைக்கு 1.4. ஐம்பத்தோராம் நாள் மறுபடியும் செய்ததில் இரண்டாம் வகைக்கு 1.3. உடம்பில் கொப்புளமோ புண்ணோ இன்றுவரை இல்லை. ஆனால் தொடையிலும் இடுப்புக்குக் கீழும் ஒரு எரிவு இருப்பதாகச் சொல்கிறீர்கள். தையில் கல்யாணம் என்று பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். தூக்கம் இல்லை. வீட்டுக்குப் போனால் அக்காவின் பிள்ளையைத் தூக்கக்கூடக் கை வருவதில்லை. "இருக்கிறதா இல்லையா, ஒரே சொல்லில் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறீர்கள்.

அந்த ஒரு சொல் உங்கள் கையிலுள்ள மூன்று தாள்களிலும் இல்லை. ஆனால் அவற்றில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்ல முடியும். நான் வைத்தியன் அல்லேன். மலைநாட்டு ஆய்வுகூடங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குருதி மாதிரிகளோடு வேலை செய்து ஓய்வு பெற்றவன். அறிக்கையில் அச்சாகும் எண் எப்படிப் பிறக்கிறது என்பதை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற அளவில் எழுதுகிறேன். சிகிச்சை பற்றிய முடிவு வைத்தியருடையது.

முதல் தாளை ஒதுக்கி வையுங்கள். கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதத்துக்குப் பிறபொருளெதிரி என்று பெயர். ஐ.ஜி.எம். என்பது புதிய தொற்று வந்தவுடன் உடல் முதலில் உருவாக்கும் பிறபொருளெதிரி, ஐ.ஜி.ஜி. பின்னர் வந்து நிலைத்து நிற்பது என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். பல நோய்களில் அது உண்மையும்கூட. ஹெர்பீஸ் விடயத்தில் மட்டும் அந்தப் பாடம் கால் இடறுகிறது. இந்த ஐ.ஜி.எம். முதலாம் வகை, இரண்டாம் வகை என்று பிரித்துச் சொல்வதில்லை. சிறு வயதிலேயே வந்து உடலில் உறங்கிக்கிடக்கும் வைரஸ் மறுபடி தலைதூக்கும்போதும் அது நேர்மறையாக வரும். அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு வைரஸ்களுக்கு எதிராக உண்டான பிறபொருளெதிரியும் சில வேளை அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். ஐக்கிய அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் தன் வழிகாட்டுதலில் ஹெர்பீசுக்கு ஐ.ஜி.எம். பரிசோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. அப்படியிருந்தும் அது விலைப்பட்டியலில் இருக்கிறது. கேட்பவருக்கு எடுத்துக் கொடுக்கிறார்கள். வைத்தியரின் துண்டுச் சீட்டுகூடக் கேட்பதில்லை. எனக்கு இந்தத் தொழிலில் நெடுங்காலமாக இருந்துவரும் மனக்குறைகளில் இதுவும் ஒன்று.

இரண்டாவது தாளில் முதலாம் வகைக்கு வந்த 28 உங்களை மிகவும் பயமுறுத்தியிருக்கிறது. எண் பெரிதாக இருப்பதால் நோயும் பெரிது என்று எடுத்துக்கொண்டீர்கள். உண்மையில் மூன்று தாள்களிலும் உறுதியான செய்தி என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான், அதுவும் பயப்பட வேண்டிய செய்தி அல்ல. உலகில் ஐம்பது வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய 380 கோடிப் பேருக்கு, அதாவது மூவரில் இருவருக்கு, முதலாம் வகை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அது சிறு வயதிலேயே, முத்தத்தாலும் எச்சில் படுவதாலும் வந்துவிடுகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவில் பாட்டி, தாத்தா, சித்தி, மாமா என்று எல்லோர் மடியிலும் வளர்ந்த பிள்ளைக்கு அது வராமல் போனால்தான் ஆச்சரியம். காய்ச்சல் வந்து விடும்போது உதட்டோரத்தில் சிலருக்குப் பொடிப் பொடியாகக் கொப்புளம் போடுமே, அதே வைரஸ்தான். முதலாம் வகை பிறப்புறுப்பிலும் வரலாம் என்பது உண்மை. ஆனால் இருபத்து மூன்றாம் நாளில் இவ்வளவு உயரமாக நிற்கும் எண்ணை மூன்று வாரத்துக்கு முந்தைய சம்பவத்தோடு முடிச்சுப் போடுவதைவிட, உங்கள் பாலர் வகுப்புக் காலத்தோடு முடிச்சுப் போடுவதுதான் பொருத்தம்.

இனி 1.4. இதை விளங்கிக்கொள்ள நீங்கள் என்னோடு கொஞ்ச நேரம் ஆய்வுகூட மேசைக்கு வர வேண்டும்.

பிறபொருளெதிரியை நிறத்தால் கண்டுபிடிக்கும் எலைசா முறையில் பயன்படும் தட்டு உள்ளங்கை அகலத்தில், 96 சிறு குழிகளோடு இருக்கும். ஒவ்வொரு குழியின் அடியிலும் வைரசின் ஒரு புரதம் பூசப்பட்டிருக்கும். முதலாம் வகையும் இரண்டாம் வகையும் பெரும்பாலும் ஒத்தவை. கிளைக்கோபுரதம் ஜி என்ற ஒன்றில்தான் இரண்டும் தெளிவாக வேறுபடுகின்றன. ஆகவே வகை பிரிக்கும் நல்ல பரிசோதனைகள் அந்தப் புரதத்தைத்தான் பூசியிருக்கும். உங்கள் குருதியிலிருந்து பிரித்த தெளிந்த நீரை ஐதாக்கி அந்தக் குழியில் விடுவோம். அதற்கெதிரான பிறபொருளெதிரி இருந்தால் அடியில் பிடித்துக்கொள்ளும். கழுவுவோம். பிறகு நொதியம் கட்டப்பட்ட இன்னொரு திரவம், மறுபடியும் கழுவுவோம். கடைசியாக நிறம் கொடுக்கும் திரவத்தை விட்டால் குழி நீலமாகும். அமிலம் ஒரு துளி விட்டதும் நீலம் மஞ்சளாகும். அந்த மஞ்சள் எவ்வளவு அடர்த்தி என்பதை வாசிப்பான் அளந்து, எல்லைக்கோடாக வைத்திருக்கும் மாதிரியின் அடர்த்தியால் வகுக்கிறது. வகுத்து வரும் எண்தான் உங்கள் அறிக்கையில் அச்சாகிறது. 0.9-க்குக் கீழ் எதிர்மறை, 0.9 முதல் 1.1 வரை இரண்டும் கெட்டான், 1.1-க்கு மேல் நேர்மறை என்று பெரும்பாலான கருவித்தொகுதிகளில் எழுதியிருக்கும். தானியங்கி இயந்திரங்களில் நிறத்துக்குப் பதிலாக ஒளியை அளப்பார்கள், எல்லை எண்கள் அதற்கேற்ப மாறலாம், அடிப்படை ஒன்றே.

ஆகவே 1.4 என்றால் உங்கள் குழியின் மஞ்சள் எல்லைக்கோட்டு மஞ்சளைத் தாண்டியிருந்தாலும் அதைப் போல ஒன்றரை மடங்கைக்கூட எட்டவில்லை என்று பொருள். வைரஸ் 1.4 அளவு இருக்கிறது என்றோ, நோய் தொடங்கிவிட்டது என்றோ பொருள் இல்லை. இந்த அளவு மங்கலான மஞ்சளைக் கண்ணால் பார்த்தால் ஐந்தாம் தடவை வெந்நீர் ஊற்றிய தேயிலைச் சாயம் போலத்தான் இருக்கும். சாயம் இருக்கிறது என்பதை அந்த வாசிப்பான் சொல்லும். அது எந்தக் கொழுந்திலிருந்து இறங்கிய சாயம் என்பதைச் சொல்ல அதற்கு நாக்கு இல்லை. வேறெதற்கோ உண்டான பிறபொருளெதிரி அரைகுறையாக ஒட்டினாலும் மஞ்சள் வரும்; கழுவியது சற்றுக் குறைந்தாலும் வரும். முதலாம் வகைக்கு நிறையப் பிறபொருளெதிரி உள்ளவர்களிடம் இரண்டாம் வகைக் குழியிலும் இப்படி ஒரு மெல்லிய நிறம் ஏறுவது உண்டு. உங்களுக்கு முதலாம் வகையில் 28 இருப்பதை மறந்துவிட வேண்டாம்.

நான் ஆறுதலுக்காகச் சொல்வதாக நினைக்காதீர்கள். மேலே சொன்ன அமெரிக்க நிலையத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பெரிதும் புழக்கத்தில் உள்ள எலைசா பரிசோதனையில் 1.1-க்கும் 3.0-க்கும் இடைப்பட்ட இரண்டாம் வகை மதிப்புகள் பல வேளைகளில் பொய்யான நேர்மறையாக இருப்பதை எடுத்துக்காட்டி, அவற்றை வேறொரு முறையால் உறுதிப்படுத்தாமல் நோய் என்று முடிவு கட்டக்கூடாது என்கிறது. அது மேற்கோள் காட்டும் ஓர் ஆய்வில் 1.1 முதல் 2.9 வரையான மதிப்புகளுக்கு, தொற்று இல்லாத ஒருவருக்கு இல்லை என்று சரியாகச் சொல்லும் திறன் 39.8 வீதம் மட்டுமே. உறுதிப்படுத்தும் முறைகளில் உரைகல்லாகக் கருதப்படுவது, வைரசின் புரதங்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்துப் பார்க்கும் வெஸ்டர்ன் புளொட். அமெரிக்காவில் அது சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் செய்யப்படுகிறது. ஹட்டனிலிருந்து சியாட்டிலுக்கு மாதிரி அனுப்பும் வசதி நம்மில் யாருக்கும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதே வழிகாட்டுதல் இன்னொன்றையும் சொல்கிறது: உறுதிப்படுத்தும் வசதி இல்லாத இடத்தில், பரிசோதனையின் குறைபாடுகளை மாதிரி எடுப்பதற்கு முன்னரே எடுத்துச் சொல்லிவிட வேண்டும். உங்களிடம் யாரும் சொல்லவில்லை. ஆகவே இப்போது நான் சொல்கிறேன்.

ஒரு கணக்கும் போட்டுக்காட்டுகிறேன். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆயிரம் பேரில் முப்பது பேருக்கு உண்மையாகவே இரண்டாம் வகை இருக்கிறது என்று வையுங்கள். பரிசோதனை அந்த முப்பதில் இருபத்தொன்பது பேரைப் பிடித்துவிடுகிறது, நல்ல பரிசோதனை. தொற்றே இல்லாத 970 பேரில் நூற்றுக்கு மூன்று பேரை மட்டும் தவறாக நேர்மறை என்கிறது. அதுவும் சிறிய பிழைதான். ஆனால் 970-இல் மூன்று வீதம் இருபத்தொன்பது. ஆக, 'பொசிட்டிவ்' என்ற தாளோடு வெளியே வரும் ஐம்பத்தெட்டுப் பேரில் பாதிப் பேருக்கு நோய் இல்லை. அந்தப் பாதிப் பேரில் பெரும்பாலானவர்களின் தாளில் உங்களுடையதைப் போன்ற சின்ன எண்தான் இருக்கும். அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு ஹெர்பீஸ் குருதிப் பரிசோதனையை வழமையாகச் செய்ய வேண்டாம் என்று ஐக்கிய அமெரிக்காவின் தடுப்புச் சேவைகள் செயலணி 2016இலும், மறுபடி 2023இலும் பரிந்துரைத்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். அதன் தீங்கு உடம்புக்கு அல்ல. உங்களுக்கு இப்போது நடந்துகொண்டிருக்கிறதே, அதுதான்.

இரண்டாவது பிரச்சினை காலம். ஐ.ஜி.ஜி. உருவாவதற்கு உடலுக்கு நேரம் வேண்டும். சிலருக்கு மூன்று வாரத்தில் தெரியத் தொடங்கும். சிலருக்கு ஆறு வாரம் ஆகும். பன்னிரண்டு வாரம் ஆகும்போது பெரும்பாலானோருக்கு வந்துவிடும். மிகச் சிலருக்குப் பதினாறு வாரம்வரை இழுக்கும். இருபத்து மூன்றாம் நாளில் எதிர்மறை வந்திருந்தாலும் நான் உங்களை நிம்மதியாகப் போகச் சொல்லியிருக்க மாட்டேன். நேர்மறை வந்ததற்காக இப்போது கலங்கவும் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விடயம் தெரிகிறது. உண்மையான புதுத் தொற்றில் அந்த எண் வாரத்துக்கு வாரம் ஏறுவதுதான் வழமை. மூன்றாம் வாரத்தில் 1.4 என்றால் ஏழாம் வாரத்தில் பல மடங்காகியிருப்பதை எதிர்பார்க்கலாம். உங்களுடையது 1.3-இல் நிற்கிறது. 1.4-க்கும் 1.3-க்கும் இடையில் உள்ளது இறக்கமும் அல்ல. ஒரே மாதிரியை ஒரே நாளில் இரு தடவை ஓட்டினாலே இந்த அளவு வித்தியாசம் வரும். ஏறவில்லை என்பது நல்ல பக்கம் சாய்கிற அறிகுறி, தீர்ப்பு அல்ல.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இவ்வளவுதான். பதினாறாம் வாரம் மார்கழியில் முடிகிறது. தைக்கு முன்னர் நாள் இருக்கிறது. அதுவரை வேறெந்த ஹெர்பீஸ் பரிசோதனையும் செய்யாமல், பதினாறு வாரம் முடிந்த பிறகு ஒரே ஒரு தடவை, வகை பிரிக்கும் ஐ.ஜி.ஜி. மட்டும், அதே ஆய்வுகூடத்தில், அதே முறையில் செய்யச் சொல்லுங்கள். இடம் மாறினால் கருவித்தொகுதி மாறும்; எண்களை ஒப்பிட முடியாமல் போகும். சில இடங்களில் இரு வகையையும் ஒன்றாகக் கலந்து 'ஹெர்பீஸ் 1, 2' என்று ஒரே எண்ணாகக் கொடுக்கிறார்கள். முதலாம் வகை உள்ள உங்களுக்கு அது எந்நாளும் நேர்மறையாகவே வரும். காசுக்குப் பிடித்த கேடு. மார்கழியில் 0.9-க்குக் கீழே வந்தால் இந்த அத்தியாயம் முடிந்தது. மூன்றுக்கு மேல் நன்றாக ஏறியிருந்தால், குறிப்பாக ஐந்து, ஆறு என்று போயிருந்தால், தொற்று உண்மை என்றே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இடையில் நின்றால், வேறொரு முறையால் பார்க்க வழி உண்டா என்று பாலியல் நோய் வைத்தியரிடம் கேளுங்கள்.

இதற்கிடையில் கொப்புளமோ வெடிப்போ புண்ணோ எது வந்தாலும், பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். எந்தக் களிம்பும் தடவாமல், ஒன்றிரண்டு நாளுக்குள், நீர் கோத்திருக்கும்போதே வைத்தியரிடம் காட்டுங்கள். புண்ணைத் தொட்டு எடுக்கும் மாதிரியில் செய்யும் பி.சி.ஆர். பரிசோதனைக்கு முன்னால் குருதிப் பரிசோதனை எம்மாத்திரம். அது வைரசையே காட்டும், எந்த வகை என்றும் சொல்லும். அந்த வசதி இல்லாத இடத்திலும், பழக்கப்பட்ட வைத்தியரின் கண்ணுக்கு அந்தப் புண் பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். காய்ந்து பொருக்காகிய பிறகு போனால் அந்த வாய்ப்புக் குறைந்துவிடும்.

முதல் தாக்கம் வருவதாக இருந்தால் பொதுவாக இரண்டு முதல் பன்னிரண்டு நாளுக்குள் வரும். உங்களுக்கு அந்தக் காலம் வெறுமையாகப் போயிருக்கிறது. அறிகுறி இல்லாமலே தொற்று வருபவர்கள் ஏராளம் என்பதால் அதை வைத்து மட்டும் முடிவு சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்லும் எரிவை நான் வேறு கோணத்தில் பார்க்கிறேன். அது எப்போது தொடங்கியது? உங்கள் எழுத்திலேயே பதில் இருக்கிறது: முதல் தாள் கைக்கு வந்த அன்றிரவு. அதன் பின்னர் ஒவ்வோர் இரவும் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் தேடுகிறீர்கள். மழித்த இடத்தில் எழும் முடிவேர்ப் பருவைப் படமெடுத்து, இணையத்தில் கிடைக்கும் படங்களோடு ஒப்பிடுகிறீர்கள். கிருமிநாசினிச் சவர்க்காரம் போட்டு நாளைக்கு மூன்று தடவை கழுவுகிறீர்கள். அந்தத் தோல் எரியாமல் என்ன செய்யும்? யாருடைய தோலையும் இப்படி இரண்டு மாதம் படுத்தினால் சிவக்கும், அரிக்கும், எரியும். சவர்க்காரத்தை விட்டு வெறும் தண்ணீரில் கழுவி, வெளிச்சம் அடிப்பதை நிறுத்திப் பதினைந்து நாள் பாருங்கள்.

நிறுத்துவது சொல்வதைப் போல இலகு இல்லை என்பதும் தெரியும். பரிசோதனைக்குக் காசு கட்டும்போது ஒரு நிம்மதி வரும். தாள் கைக்கு வந்து இரண்டு நாள் அது நீடிக்கும். மூன்றாம் நாள் 'ஒருவேளை' என்ற சொல் திரும்பி வந்து, அடுத்த பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போகும். என் மேசைக்கு இப்படித் திரும்பத் திரும்ப வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்குக் குருதி எடுக்க எடுக்கப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. சாப்பாடு இறங்காமல், வேலைக்குப் போக முடியாமல், உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் வரும் அளவுக்குப் போனால், மார்கழி வரை பொறுக்க வேண்டாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள், தமிழில் பேசலாம். இதற்கென்று வைத்தியரிடம் போவதும் வெட்கப்பட வேண்டிய காரியம் இல்லை.

தாளை விளக்கமில்லாமல் கையில் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை நானே என் பிழையால் படித்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிது. இரண்டு தடவை கரு கலைந்த ஒரு தோட்டத்துப் பெண்ணுக்கு கருவைப் பாதிக்கக்கூடிய சில தொற்றுகளை ஒன்றாகத் தேடும் 'டோர்ச்' என்ற தொகுப்புப் பரிசோதனை எழுதியிருந்தார்கள். அதில் ஹெர்பீசும் ஒன்று. ஐ.ஜி.ஜி. நேர்மறை. அந்தப் பெண்ணின் வயதில் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அப்படித்தான் வரும் என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். வரிசை நீளமாக இருந்தது, சொல்லவில்லை. யாரோ படித்தவர் அந்தத் தாளை வாசித்து, இது பாலியல் நோய் என்று கணவனுக்கு மொழிபெயர்த்திருக்கிறார். நான்காம் நாள் அந்தப் பெண் தன் தாயோடு வந்து கண்ணாடிக்கு அப்பால் நின்ற தோற்றம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. வைத்தியரைக் கொண்டு கணவனைக் கூப்பிட்டு விளக்கினோம். விளங்கியது என்று தலையாட்டினான், எவ்வளவு விளங்கியதோ.

பெயரும் ஒரு குழப்பம். ஹெர்பீஸ் என்பதற்குத் தமிழில் 'அக்கி' என்று எழுதிவிடுகிறார்கள். நம் பெரியவர்கள் அக்கி என்று சொல்வது பெரும்பாலும் விலாவிலோ முதுகிலோ ஒரு பக்கமாகப் பட்டையடித்தாற்போல் கொப்புளம் போட்டு எரியுமே, அதை. கொப்பளிப்பான் என்ற சின்னம்மை வந்து போன உடம்பில் தங்கிய வைரஸ் பிற்காலத்தில் எழும்புவது அது. ஹெர்பீஸ் சோஸ்டர் என்று பெயர். குடும்பம் ஒன்று, ஆள் வேறு; பாலுறவால் வருவதும் அல்ல. உங்கள் அத்தை, செங்காவி குழைத்து அக்கி எழுதினால் சரியாகிவிடும் என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அத்தை எந்த அக்கியை நினைத்துச் சொன்னாரோ, அது உங்களுக்கு இல்லை. அந்தக் காவியை அந்த இடத்தில் தடவி, இருக்கிற எரிவைக் கூட்டிக்கொள்ளாதீர்கள்.

பிள்ளையைத் தாராளமாகத் தூக்குங்கள். இந்த வைரஸ் தோலோடு தோல் உரசும் நெருக்கத்தில், சளிப்படலம் வழியாகப் பரவுவது. உடம்புக்கு வெளியே நீடித்துப் பிழைப்பது இல்லை. ஒரே பீலியில் குளிப்பதாலோ, ஒரே வாளி, ஒரே கழிவறை, ஒரே கோப்பை என்று புழங்குவதாலோ இரண்டாம் வகையை வீட்டுக்குள் பரப்பிவிட மாட்டீர்கள். யாராக இருந்தாலும் உதட்டில் கொப்புளம் இருக்கும் நாளில் பச்சைப்பிள்ளைக்கு முத்தம் கொடுக்கக்கூடாது. அதை மட்டும் கடைப்பிடியுங்கள்.

கல்யாணப் பேச்சுக்கு வருகிறேன். இன்றைய நிலையில் அந்தப் பெண்ணிடம் சொல்வதற்கு உங்களிடம் நோய் என்று ஒன்று உறுதியாக இல்லை; உறுதியில்லாத 1.3-ஐக் கொண்டுபோய் இரண்டு குடும்பங்களின் நடுவில் வைப்பதை நான் விரும்பவில்லை. தோட்டத்தில் ஒரு லயத்தில் பேசியது மறுநாள் காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் மார்கழியில் உறுதியானால், தாலி கட்டுவதற்கு முன்னர் அந்தப் பெண்ணிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும். பெரியவர்களிடம் அல்ல, அந்தப் பெண்ணிடம். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. தனியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால் இருவரும் சேர்ந்து வைத்தியரைச் சந்திக்கலாம்.

அப்படி உறுதியானாலும் அது நீங்கள் கற்பனை செய்யும் பூதம் அல்ல. பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயதுவரை உள்ளவர்களில் ஏறக்குறைய 52 கோடிப் பேருக்கு இரண்டாம் வகை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் பெரும்பாலானோருக்கு அது இருப்பதே தெரியாது. நரம்பு முடிச்சில் தங்கிவிடும், முற்றாக ஒழிக்க மருந்து இல்லை என்பது உண்மை. வருகிறவர்களுக்கு முதல் தாக்கம்தான் கடுமை. ஆண்டுகள் போகப்போக வருவது குறையும். அசிக்ளோவிர் விலை குறைந்த பழைய மருந்து. வந்தவுடன் குடித்தால் சீக்கிரம் ஆறும். அடிக்கடி வந்தால் தினமும் எடுத்து அடக்கி வைக்கலாம். தம்பதியரில் ஒருவருக்கு மட்டும் இரண்டாம் வகை இருக்கையில், அவர் தினமும் 500 மில்லிகிராம் வாலசிக்ளோவிர் எடுத்தபோது மற்றவருக்குப் பரவுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததை 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆணுறையும், புண் இருக்கும் நாட்களில் விலகியிருப்பதும் சேர்ந்தால் இன்னும் குறையும். புண் இல்லாத நாளிலும் சில வேளை பரவக்கூடும் என்பதால்தான் சொல்லிவிட்டுச் சேர்வது முக்கியமாகிறது. பிள்ளைப்பேற்றுக்கு இது தடை இல்லை. தாய்க்குப் பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் புதிதாகத் தொற்றினால் பிள்ளைக்கு ஆபத்து அதிகம், 30 முதல் 50 வீதம். நெடுநாள் முன்னரே இருந்த தொற்றில் அது ஒரு வீதத்துக்கும் குறைவு. ஆகவே மனைவி கர்ப்பமானால் கிளினிக்கில் சொல்லி வைக்க வேண்டும். வலி வரும் நேரத்தில் புண் இருந்தால் சத்திரசிகிச்சை மூலம் பிள்ளையை எடுப்பார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வரும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள்; அதற்குக் காரணமானது வேறு வைரஸ், பப்பிலோமா.

கடைசியாக, உங்கள் எழுத்தை இரண்டு தடவை வாசித்தும் நான் தேடிய ஒன்று கிடைக்கவில்லை. மூன்று தடவை ஹெர்பீசுக்குக் குருதி கொடுத்த நீங்கள் எச்.ஐ.வி.க்கும் சிபிலிசுக்கும் ஒரு தடவையாவது கொடுத்ததாகத் தெரியவில்லை. நடந்த சம்பவத்துக்கு முதலில் பார்த்திருக்க வேண்டியவை அவை. முன்னதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, பின்னதைப் பென்சிலின் முற்றாகக் குணப்படுத்தும், இரண்டும் தெரியாமல் கிடந்தால்தான் கெடுதல். பிறபொருளெதிரியோடு வைரசின் புரதத்தையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறை எச்.ஐ.வி. பரிசோதனை 45 நாள் கடந்தால் நம்பத்தக்கது, நீங்கள் கடந்துவிட்டீர்கள். சிபிலிசுக்கு மூன்று மாதம் முடிந்ததும் ஒரு தடவை மறுபடி பார்ப்பார்கள்.

இதற்குத் தனியார் இடத்தில் இனியும் காசைக் கொட்ட வேண்டாம். தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் சிகிச்சை நிலையங்கள் நுவரெலியா, கண்டி, பதுளை ஆகிய இடங்களில் இருக்கின்றன. கொழும்பில் டி சேரம் பிளேசில் மத்திய நிலையம் இருக்கிறது. இலவசம், வேறு வைத்தியரின் கடிதம் தேவையில்லை, விபரங்களை இரகசியமாக வைத்திருப்பார்கள். ஊரில் யாரும் கண்டுவிடுவார்கள் என்று பயமென்றால் கொழும்பிலேயே போங்கள். எல்லா நாளும் தமிழ் தெரிந்த ஒருவர் அங்கே இருப்பார் என்று உத்தரவாதம் இல்லை. ஆகவே சம்பவம் நடந்த தேதி, ஒவ்வொரு தடவையும் குருதி கொடுத்த தேதி, வந்த எண் ஆகியவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதி, மூன்று அறிக்கைகளோடு சேர்த்துக் கொண்டுபோங்கள். அறிக்கை அச்சான தேதியை எழுதிவிடாதீர்கள், குருதி கொடுத்த தேதியை எழுதுங்கள். நம் ஆட்கள் அதில்தான் பிழை விடுவார்கள், வைத்தியர் நாள் எண்ணுவது அதிலிருந்துதான். இந்த வாரமே போனால் எச்.ஐ.வி.க்கும் சிபிலிசுக்கும் ஒரே ஊசியில் குருதி எடுத்துக்கொள்வார்கள். ஹெர்பீசுக்கு மார்கழி அறிக்கையோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.